பூட்டி வைத்த குரல்
(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

சுருதி மாதா, லயம் பிதா என்பர் பெரியோர். கணிப்பொறித் திரையில் தெரிந்த கட்டங்களையே லயம் என்று நம்பி, என் அப்பத்தாவின் பாட்டை நான் பாழாக்கப் பார்த்த கதை இது.

வயலில் நாற்று நடும்போது அப்பத்தா பாடும் பாட்டை, அவர் மறைவதற்கு முந்திய ஆண்டு கைப்பேசியில் பதிவு செய்திருந்தேன். திண்ணையில் அமர்ந்து, ஒரே ஒரு முறை பாடியது. கல்லூரி முத்தமிழ் விழாவில் அதைத் தாளத்தோடு ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. நண்பனின் கணிப்பொறியில் க்யூபேஸ் என்னும் இசை மென்பொருள் இருந்தது. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989-இல் முதன்முதலாக வெளியிட்ட அது, இன்றும் புதுப்புதுப் பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது.

அதில் பதிவு செய்த குரல், திரையில் நீண்ட பட்டையாகத் தெரியும். அதற்கு 'ஈவென்ட்' என்று பெயர். அந்நாளில் ஒலிநாடாவைச் சவரத் தகட்டால் வெட்டி ஒட்டிய வேலையை, இங்கே கத்தரிக்கோல் படம் போட்ட கருவி செய்கிறது. வெட்டிய துண்டை இழுத்தால் நகரும். 'ஸ்நாப்' வசதியை இயக்கிவிட்டால், தாளக் கோட்டில் தானே போய் ஒட்டிக்கொள்ளும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தாலோ, மூலம் இருந்த இடத்திலேயே இருக்க, நகல் மட்டும் கையோடு வரும். எவ்வளவு எளிது! அந்த எளிமையில்தான் நான் மயங்கினேன்.

அப்பத்தாவின் பாட்டு எந்தக் கோட்டிலும் நிற்கவில்லை. ஓரிடத்தில் முந்தும், ஓரிடத்தில் பிந்தும். அடிக்கு அடி வெட்டினேன். ஒவ்வொன்றையும் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். மூன்றாம் அடியில் இருமல் வந்தது. அதை நீக்கிவிட்டு முதல் அடியின் நகலை அங்கே வைத்தேன். விடிவதற்குள் பாட்டு கடிகாரம் போல ஓடிற்று.

பெருமையோடு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் முகம் மலரவில்லை.

"பாட்டு சரியாத்தான் இருக்கு. ஆனா அத்தை எங்கே மூச்சு விடுறாங்க? அடுத்த நாத்து முடியைக் குனிஞ்சு எடுக்கிற இடத்துல நிறுத்துவாங்களே, அது எங்கேப்பா போச்சு?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் பிழை என்று எண்ணி மூடிய இடைவெளிகள், சேற்றில் நின்றவர் நாற்று முடி எடுத்த நேரம்! திண்ணையில் உட்கார்ந்து பாடியபோதும் அவர் உடம்பு வயலை மறக்கவில்லை.

நல்லவேளையாக, க்யூபேஸில் ஈவென்ட் என்பது மூலப் பதிவைச் சுட்டும் ஒரு சாளரம்தான். திரையில் எவ்வளவு வெட்டினாலும் நகர்த்தினாலும், வட்டில் உள்ள கோப்பு அப்படியே இருக்கும். அதிலிருந்து முழுப் பாட்டையும் மறுபடி திரையில் கொண்டுவந்து வைத்தேன், இருமல் உட்பட.

அடுத்து நான் செய்த முதல் வேலை, அதைப் பூட்டியதுதான். க்யூபேஸில் ஈவென்டைப் பூட்டும் கட்டளை உண்டு. இடத்தை மட்டும் பூட்டலாம். நீளத்தையும் சேர்த்துப் பூட்டலாம். பூட்டியதும் பட்டையின் மூலையில் சிறு பூட்டுச் சின்னம் தோன்றும். பிறகு கை தவறி இழுத்தாலும் அது அசையாது.

பிறகு ஸ்நாப் வசதியை நிறுத்திவிட்டு, தாளத்தின் துண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அப்பத்தா நின்ற இடத்தில் தாளமும் நின்றது. அவர் விரைந்த இடத்தில் அதுவும் விரைந்தது. தாளத்தை எத்தனை முறை நகலெடுத்தாலும் குற்றமில்லை. நகலெடுக்கக் கூடாதது அவருடைய ஓர் அடிதான். ஏனெனில் அவர் எந்த அடியையும் இருமுறை ஒன்றுபோல் பாடியவர் அல்லர்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பூட்டு நம் கைத்தவற்றிலிருந்துதான் காக்கும். வட்டு பழுதானால் காக்காது. ஆகவே மூலக் கோப்பின் நகல்கள் இரண்டை வேறு வேறு இடங்களில் வைத்திருக்கிறேன்.

விழாவன்று பாட்டு ஒலித்தபோது, மூன்றாம் அடியில் இருமல் வந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நண்பர்களே, உங்கள் வீட்டு முதியோர் பாட்டைப் பதிவு செய்யுங்கள். திருத்தத் தொடங்குமுன், எதைப் பூட்ட வேண்டும் என்று அவர்களோடு வாழ்ந்தவர்களைக் கேளுங்கள்.