பாலைவனத்தில் ஒரு பனித்தரை

"ஐஸ் ஹாக்கி பார்க்கப் போகணும்" என்று சொன்னால் லாஸ் வேகாஸ் டாக்ஸி டிரைவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. முன்கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்த தங்க நிறக் குட்டித் தலைக்கவசத்தை விரலால் தட்டிக் காட்டி, "இன்னைக்கு நம்ம டீம் ஜெயிக்கணும்" என்றார்.

அன்று 2023 மே 3, புதன்கிழமை. ஊரைச் சுற்றிலும் நெவாடா பாலைவனம். வருடம் முழுக்கப் பெய்யும் மழையே சுமார் 10 சென்டிமீட்டர்தான். கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த ஊரில், உறைந்த பனிமேல் ஆடும் ஆட்டத்துக்காக 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடப்போகிறார்கள். எதிரணி, கனடாவிலிருந்து வந்த எட்மன்டன் ஆயிலர்ஸ். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரியைப் பார்த்துப் பழகிய ஊர் அது. அங்கே பிள்ளைகள் நடை பழகியதும் ஸ்கேட்டிங் பழகிவிடுவார்கள். 1984 முதல் 1990 வரை ஐந்து முறை கோப்பை வாங்கிய அணி.

பனி ஊருக்கும் மணல் ஊருக்கும் பனியில் போட்டி. இதைப் பார்க்காமல் எப்படி ஊர் திரும்புவது?

சூதாட்ட வீதிக்குப் பின்னால்

லாஸ் வேகாஸ் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 'ஸ்ட்ரிப்' எனப்படும் அந்த நீண்ட வீதிதான். ஒரு பக்கம் போலி ஈஃபிள் கோபுரம், இன்னொரு பக்கம் போலி நியூயார்க். அந்த நியூயார்க் ஹோட்டலுக்கும் பக்கத்து ஹோட்டலுக்கும் நடுவே மரநிழலுடன் ஒரு நடைபாதை போகிறது. 40 அடி உயரத்தில் நடனமாடும் ஒரு பெண் சிலையைத் தாண்டினால், டி-மொபைல் அரங்கம். 2016-ல் திறந்தது.

நடைபாதை முழுக்கத் தங்க நிறச் சட்டைகள். நடுநடுவே ஆரஞ்சும் நீலமுமாக எட்மன்டன் ரசிகர்கள். ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே, ஒரே வரிசையில் நின்று சோளப்பொரி வாங்கினார்கள்.

ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு 'பிளே ஆஃப்' புதிய வார்த்தை இல்லை. ஆனால், வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் அது ஒரு வாரத்தில் முடிகிற சமாச்சாரம் அல்ல. 32 அணிகளும் ஆளுக்கு 82 ஆட்டங்கள் ஆடி, அதிலிருந்து 16 அணிகள் தேறும். பிறகு நான்கு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை மோதி, முதலில் நான்கு ஜெயிப்பவர் மேலே போவார். கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும். இரண்டு மாதம் இழுக்கும். ஆட்டம் சமனில் நின்றால், கோல் விழும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்த இரண்டு மாதமும் தாடி மழிக்காமல் இருப்பது வீரர்களின் வழக்கம்.

உள்ளே நுழைந்ததும் சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. 200 அடி நீளம், 85 அடி அகலத்தில் வெள்ளை வெளேரென்று பனித்தரை. அடியில் கான்கிரீட் தளம். அதற்குள் ஓடும் குழாய்களில் உறைநிலைக்கும் கீழே குளிரவைத்த திரவம். மேலே தண்ணீரை மெல்லிய படலமாகத் திரும்பத் திரும்பத் தெளித்து உறையவைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஓர் அங்குலக் கனம்தான். இடைவேளையில் 'ஜாம்போனி' என்ற வண்டி வந்து, கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவி எடுத்துவிட்டு, வெந்நீர் பூசி வழவழப்பாக்குகிறது. அந்த வண்டி பிறந்தது பனி தேசத்தில் அல்ல, வெயில் கொளுத்தும் தெற்கு கலிபோர்னியாவில். 1949-ல் ஃபிராங்க் ஜாம்போனி என்பவர் உருவாக்கினார். வெயில் ஊருக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு, நாம் நினைப்பதைவிடப் பழையது.

தெற்கு நோக்கி வந்த ஆட்டம்

அந்த உறவைப் பெரிதாக்கியதில் எட்மன்டனுக்கே பங்கு உண்டு. 1988 ஆகஸ்ட்டில், தன் நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கியை அந்த அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்துவிட்டது. கனடாவே துக்கம் கொண்டாடியது. கலிபோர்னியாவில் சினிமாக்காரர்கள் ஹாக்கி பார்க்க வரிசையில் நின்றார்கள். வெயில் ஊரிலும் இந்த ஆட்டம் விலைபோகும் என்று லீக்குக்குப் புரிந்தது.

1991 செப்டம்பரில் லாஸ் வேகாஸிலேயே ஒரு வெள்ளோட்டம் பார்த்தார்கள். சீஸர்ஸ் பேலஸ் ஹோட்டலின் கார் நிறுத்தத்தில், திறந்தவெளியில் பனித்தரை போட்டு, லாஸ் ஏஞ்சல்ஸும் நியூயார்க்கும் மோதின. வெப்பம் சுமார் 30 டிகிரி. விளக்கு வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகள் பனியில் விழுந்து ஒட்டிக்கொண்டனவாம்.

அடுத்த பத்தாண்டுகளில் டாம்பா, மயாமி வட்டாரம், டல்லஸ், ஃபீனிக்ஸ், நாஷ்வில், அட்லாண்டா என்று தெற்கு முழுக்க அணிகள் முளைத்தன. எல்லாமே வேர் பிடிக்கவில்லை. அட்லாண்டா இரண்டு முறை அணி வாங்கி, இரண்டு முறையும் கனடாவிடம் இழந்தது. லாஸ் வேகாஸ் போலவே பாலைவன ஊரான ஃபீனிக்ஸ், 1996 முதல் வைத்திருந்த அணியை 2024-ல் சால்ட் லேக் சிட்டிக்கு விட்டுக்கொடுத்தது. கடைசி இரண்டு சீசன்களில் அந்த அணி, ஐயாயிரம் பேர்கூட உட்கார முடியாத ஒரு பல்கலைக்கழக அரங்கில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்க, 2016 ஜூனில் லாஸ் வேகாஸுக்கு அணி கொடுத்தார்கள். கட்டணம் 50 கோடி டாலர். அதே சமயம் கனடாவின் கியூபெக் சிட்டியும் கேட்டிருந்தது. 1995-ல் தன் அணியை அமெரிக்காவிடம் இழந்த ஊர் அது. போன அணி டென்வரில் குடியேறி, அடுத்த வருடமே கோப்பையையும் வாங்கிவிட்டது. திரும்ப ஓர் அணி வரும் என்ற நம்பிக்கையில் 2015-ல் புது அரங்கமும் கட்டி வைத்திருந்தார்கள். லீக் அவர்களைக் காத்திருக்கச் சொன்னது. இன்னும் காத்திருக்கிறார்கள்.

யாருக்கும் வேண்டாதவர்கள்

புது அணிக்கு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? 2017 ஜூனில், இருந்த 30 அணிகளும் தங்களுக்கு வேண்டியவர்களைப் பத்திரப்படுத்திக்கொண்டன. மிச்சமிருந்தவர்களில், அணிக்கு ஒருவரை 'வேகாஸ் கோல்டன் நைட்ஸ்' எடுத்துக்கொண்டது. முந்தைய சீசனில் 30 கோல் போட்ட ஜொனாதன் மார்ஷசோவை ஃபுளோரிடா பத்திரப்படுத்தவில்லை. ரெய்லி ஸ்மித்தையும் சேர்த்தே அனுப்பியது. கொலம்பஸ் அணியில் ஒரு சீசனுக்கு வெறும் 6 கோல் போட்டிருந்த வில்லியம் கார்ல்சனும் வந்தார். 'பொருந்தாதவர்கள்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

என் பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. ஒரு சூதாட்ட விடுதியில் சீட்டுக் கலைத்துப் போடும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறாராம். "இந்த ஊருக்கு வருஷத்துக்கு நாலு கோடிப் பேர் வர்றாங்க. எல்லாருக்கும் இங்கே ஒரு ராத்திரிதான். எங்களுக்கு இது வீடுன்னு யாருக்கும் தோணாது. இங்கேயும் ஸ்கூல் இருக்கு, ரேஷன் கணக்கா செலவு பண்ற குடும்பம் இருக்கு" என்றார்.

இருபது லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் இந்த வட்டாரத்துக்கு, அதுவரை அமெரிக்காவின் பெரிய லீக்குகள் எதிலும் ஓர் அணி இருந்ததில்லை. பெரும்பாலானவர்கள் வேறெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். டி.வி.யில் தங்கள் பழைய ஊரின் அணியைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்.

"நீங்க எப்போ ரசிகை ஆனீங்க?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் கூரையைக் காட்டினார். அங்கே ஒரு பதாகை தொங்கியது. அதில் ஓர் எண்: 58.

அந்த அக்டோபர்

2017 அக்டோபர் 1 இரவு, ஸ்ட்ரிப்பின் தென்கோடியில் திறந்தவெளி இசை விழா நடந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த ஹோட்டலின் 32-வது மாடியிலிருந்து ஒருவன் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டான். 58 பேர் இறந்தார்கள். காயங்களால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்தால் 60. "அன்னிக்கு எனக்கு நைட் ஷிஃப்ட். எங்களை வெளியே விடலை. விடியற வரைக்கும் உள்ளே உட்கார்ந்து, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் போன் போட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார் அவர்.

அடுத்த சில நாட்களில், ஊருக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த ஹாக்கி வீரர்கள், ரத்ததான முகாம்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனார்கள். அக்டோபர் 10, சொந்த மண்ணில் முதல் ஆட்டம். பனித்தரையைச் சுற்றியுள்ள பலகைகளில் விளம்பரம் ஒன்றுகூட இல்லை. வீரர் ஒவ்வொருவரும் ஒரு டாக்டருடனோ, போலீஸ்காரருடனோ, தீயணைப்பு வீரருடனோ உள்ளே வந்தார்கள். 58 நொடி மௌனம். பிறகு டெரிக் எங்கலண்ட் மைக்கைப் பிடித்தார். கனடாக்காரர்தான். ஆனால், இளம் வயதில் லாஸ் வேகாஸின் சிறிய லீக் அணி ஒன்றில் ஆட வந்து, உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். மனைவியைச் சந்தித்ததும் பிள்ளைகள் பிறந்ததும் இந்த ஊரில்தான், இது என் வீடு என்று சொன்னார். பத்து நிமிடத்துக்குள் ஒரு கோலும் அடித்தார். 5-2 என்று வெற்றி.

"ஐஸ் ஹாக்கியில எத்தனை பேர் ஆடுவாங்கன்னுகூட அன்னிக்கு எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கி வெச்சிருந்தார், போனோம். அழுதோம், கத்தினோம். பக்கத்துல இருந்த முன்பின் தெரியாதவங்க தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னோம்" என்றார்.

அந்தச் சீசனில் புது அணி 51 ஆட்டங்கள் ஜெயித்தது. கார்ல்சன் 43 கோல் போட்டார். முதல் வருடமே இறுதிச்சுற்று வரை போய், வாஷிங்டனிடம் தோற்றது. 58 என்ற எண்ணை இனி எந்த வீரரும் அணியக்கூடாது என்று, இறந்தவர்களின் பெயரோடு கூரையில் ஏற்றிவிட்டார்கள்.

ஆறாவது வருடம்

மே 3 ஆட்டத்துக்கு வருவோம். அமெரிக்க தேசிய கீதத்தில் 'இரவு' என்ற சொல் வரும் இடத்தில், அரங்கமே 'நைட்!' என்று கத்துகிறது. வீரனுக்கும் இரவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஓசை அல்லவா? கனடா கீதத்துக்கு எட்மன்டன்காரர்கள் எழுந்து நின்று உரக்கப் பாடினார்கள்.

ஆட்டத்தின் வேகம் டி.வி.யில் தெரிவதே இல்லை. உள்ளங்கை அகலத்து ரப்பர் வட்டு எங்கே போனது என்று நான் தேடுவதற்குள், கூட்டம் எழுந்து நிற்கும். எட்மன்டனின் லியோன் டிரைசைட்டில் தனி ஆளாக நான்கு கோல் போட்டார். இருந்தும், கடைசியில் பலகையில் 6-4. வேகாஸ் ஜெயித்துவிட்டது.

அந்தத் தொடரை வேகாஸ் 4-2 என்று முடித்தது. அந்த வருட அரையிறுதிக்கு வந்த நான்கு ஊர்களையும் பாருங்கள்: லாஸ் வேகாஸ், டல்லஸ், கரோலினா, ஃபுளோரிடா. நான்கும் தெற்கு. ஜூன் 13, இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டம், இதே அரங்கில். எதிரணி, மார்ஷசோவையும் ஸ்மித்தையும் வேண்டாம் என்று விட்ட அதே ஃபுளோரிடா. பயிற்சியாளர் முதலில் களமிறக்கிய ஐந்து பேரும் ஆரம்ப நாளின் 'பொருந்தாதவர்கள்'. 9-3 என்று வென்றார்கள். பிளே ஆஃப் முழுமைக்குமான சிறந்த வீரர் விருது மார்ஷசோவுக்கு. ஆறு வருடத்தில் கோப்பை என்று உரிமையாளர் பில் ஃபோலி ஆரம்பத்தில் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. அது ஆறாவது சீசன்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. இது வியாபாரமும்தான். கோப்பை வாங்கிய அதே மாதம் ஸ்மித்தை வேறு அணிக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் மார்ஷசோவும் நாஷ்விலுக்குப் போய்விட்டார். எட்மன்டன் 2024, 2025 இரண்டு வருடமும் இறுதிவரை போய், இரண்டு முறையும் ஃபுளோரிடாவிடம் தோற்றது. கடைசியாக ஒரு கனடா அணி கோப்பையைத் தொட்டது 1993-ல், மான்ட்ரியல்.

அன்று அரங்கத்தை விட்டு வெளியே வரும்போது, ஒரு எட்மன்டன் தாத்தா பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போனார். பையனின் முகம் வாடிக் கிடந்தது. என் பக்கத்து இருக்கைப் பெண்மணி அவர்களைப் பார்த்து நின்று, "தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, நல்லா ஆடினாங்க உங்க பசங்க" என்றார். தாத்தா தொப்பியைத் தொட்டு, "இங்கே இவ்வளவு பேர் வருவாங்கன்னு நான் நினைக்கலை" என்றார்.

"நாங்களும்தான் நினைக்கலை" என்று சிரித்தார் அந்த அம்மா. பிறகு கடிகாரத்தைப் பார்த்து அவசரமாக நடந்தார். அவருக்கு அன்றும் நைட் ஷிஃப்ட்.