சோதனைச் சீட்டு சொல்லாத செய்தி

வாகனம் ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறவர் எஞ்சினையும் சக்கரங்களையும் மட்டும் வாங்குவதில்லை. அவற்றோடு ஓர் உறுதிமொழியும் சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. இவ்வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் இன்ன அளவுக்கு மேல் நச்சுக்காற்றை வெளியிடாது என்று, தயாரித்தவர் அரசின் முன் நிரூபித்துக் காட்டிய உறுதிமொழி அது. வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் என்றாகிவிட்ட இந்நாளில், அதைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுகின்ற இல்லங்கள் மிகச் சிலவே.

என் சகோதரியின் மகன் கல்லூரி மாணவன். 2020க்குப் பின் வெளிவந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்திருக்கிறான். வண்டி சட்டென்று வேகமெடுக்க வேண்டும் என்று விரும்பி, பின்சக்கரத்தில் 42 பற்கள் கொண்ட ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிவிட்டு 48 பற்கள் கொண்டதைப் பொருத்தினான். அத்தோடு நில்லாமல், வண்டியோடு வந்த சைலன்சரை நீக்கிப் பேரோசை எழுப்பும் வேறொன்றையும் மாட்டிக்கொண்டான். அவன் தெருமுனையில் திரும்பும்போதே மதரஸாவில் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பார்கள்.

இது முறையா என்று கேட்டேன். "மாமா, புகைச் சோதனையில் தேறிச் சீட்டும் வாங்கிவிட்டேன். இனி என்ன குறை?" என்றான்.

நியாயமான கேள்விதான். கலைப் பட்டதாரியான எனக்கு எந்திரங்களின் மொழி எளிதில் வசப்படுவதில்லை. ஆயினும் எங்கள் தெருவில் நெடுங்காலமாக வண்டி பழுதுபார்க்கும் பெரியவரிடம் கேட்டும், சட்ட நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை அவனுக்கு எடுத்துரைத்தேன். பிள்ளைகளுள்ள எல்லா வீட்டுக்கும் அவை பயன்படும்.

புதிய மாதிரி வண்டி ஒன்று விற்பனைக்கு வருமுன், அதை உருளைகளின்மேல் நிறுத்தி, வகுக்கப்பட்ட வேகங்களில் ஓட்டி, வெளியேறும் வாயுக்களைச் சேகரித்து அளக்கிறார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி, பெட்ரோல் மோட்டார் சைக்கிளுக்கு நைட்ரஜன் ஆக்சைடுகளின் வரம்பு கிலோமீட்டருக்கு 0.06 கிராம்தான். இச்சோதனையில் தேறுவது எஞ்சின் மட்டுமன்று. கியர்ப்பெட்டி, செயின், ஸ்ப்ராக்கெட், சைலன்சர் யாவும் ஒன்றுக்கொன்று இசைவாக அமைந்த முழு வண்டியே தேறுகிறது.

42 பற்களுக்குப் பதில் 48 என்றால், அதே வேகத்தில் அதே கியரில் செல்ல எஞ்சின் ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதலாகச் சுழல வேண்டும். உருளைகளின்மேல் அளந்த கணக்கு அந்த வண்டிக்கு இனிப் பொருந்தாது. பெட்ரோல் செலவும் பெரும்பாலும் ஏறவே செய்யும்.

சைலன்சரோ இதனினும் பெரிய விஷயம். இன்றைய வண்டிகளில் புகைக்குழாயினுள் தேன்கூடு போன்ற ஓர் அமைப்பு உண்டு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது அதன் பெயர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற அரிய உலோகங்கள் அதில் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பெருமளவு தீங்கற்ற வாயுக்களாக அது மாற்றிவிடுகிறது. 1995இல் நான்கு பெருநகரங்களின் புதிய கார்களில் இது கட்டாயமாக்கப்பட்டபோது, ஈயம் இக்கருவியைப் பாழாக்கிவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் உடன் கொண்டுவரப்பட்டது. ஒரு நாடே எரிபொருளை மாற்றிக் காத்த கருவியை, ஓசைக்காகக் கழற்றி மூலையில் எறிகிறோம்.

அப்படியானால் புகைச் சோதனையில் வண்டி எவ்வாறு தேறியது? இருசக்கர வாகனங்களுக்கான அச்சோதனை, வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது செய்யப்படுவது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனுமே அதில் பார்க்கப்படுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை. சாலையில் முறுக்கி ஓட்டும்போது வெளிவருவதை அந்தச் சீட்டு அறியாது. பராமரிப்பு ஒழுங்காக உள்ளதா என்று பார்க்க வந்த சோதனை அது. மாற்றங்களுக்கு வழங்கிய அனுமதி அன்று.

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்ள வேண்டும். வாகனத்தின் அடிப்படை இயல்பு மாறும்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக அதை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என வகுத்தது. ஒரு ஸ்ப்ராக்கெட் இந்த வரையறைக்குள் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆனால் காற்று மாசு, ஓசை ஆகியவற்றின் வரம்பை மீறிப் பொதுச்சாலையில் வண்டி ஓட்டுவது 190ஆம் பிரிவின்படி தனியே ஒரு குற்றம். 'கடையில் வெளிப்படையாகத்தானே விற்கிறார்கள்' என்ற சமாதானம் உரிமையாளரைக் காப்பாற்றாது.

அவ்வாறாயின் வண்டியில் எதையுமே மாற்றக்கூடாதா என்று கேட்கலாம். தேய்ந்த உறுப்புக்குப் பதிலாக அதே அளவும் தரமும் உடையதைப் பொருத்துவதில் தடையேதுமில்லை. அங்கீகாரம் பெற்ற எரிவாயுக் கருவியைப் பொருத்திப் பதிவுச் சான்றில் குறித்துக்கொள்ளவும் சட்டம் வழி வைத்துள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், புகைக் கட்டுப்பாட்டைப் பாதிக்கக்கூடிய துணை உறுப்புகளைச் செய்வோர், அவற்றால் மாசு கூடாது என்று காற்று வள வாரியத்திடம் நிரூபித்து ஓர் உத்தரவு எண் பெறுகின்றனர். அவ்வெண் உறுப்பின்மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'இது பொருந்துமா?' என்பதன்று, 'இதைச் சோதித்தவர் யார்?' என்பதே.

என் மருமகன் மறுவாரமே பழைய சைலன்சரைத் தேடி மாட்டிக்கொண்டான். ஸ்ப்ராக்கெட்டைப் பற்றிக் கேட்டால், தேய்ந்தபின் மாற்றுவதாகச் சொல்கிறான். நானும் விடாமல் கேட்டு வருகிறேன்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் வண்டியை ஒருமுறை அருகில் சென்று பாருங்கள். சைலன்சர் வண்டியோடு வந்ததுதானா என்று விசாரியுங்கள். பட்டறையில் கழற்றிய உறுப்பை விற்றுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வண்டியில் செல்பவன் நொடியில் கடந்துவிடுகிறான். அவன் விட்டுச்சென்ற புகையோ திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவருக்கும், புகைக்குழாயின் உயரமே உள்ள சிறு குழந்தைக்கும் போய்ச் சேருகிறது.