ஓடினால் மட்டும் போதுமா?

இத்தாலியர்களுக்குச் சுவர்க்கடிகாரமும் கைக்கடிகாரமும் 'ஒரொலோஜோ'தான். கையில் கட்டுவது 'ஒரொலோஜோ தா போல்சோ'. சட்டைப்பையில் வைப்பது 'ஒரொலோஜோ தா தாஸ்கா'. நான் அங்கே தேடியது பைக்கடிகாரத்தை.

காரணம் உண்டு. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு நேரம் பார்க்க என் அண்ணன் ஒரு பைக்கடிகாரம் வைத்திருந்தார். என் பரீட்சைக் கட்டணத்துக்காக அது அடகுக்கடைக்குப் போனது, திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. இத்தாலியில் வேலை பார்க்கும் மகளைக் காணப் போனபோது, அண்ணனுக்கென்று 150 யூரோவைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

அரெட்சோ என்ற ஊரில் 1968 முதல் பழம்பொருள் சந்தை கூடுகிறது. மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்திய சனியும் தெருவெல்லாம் கடைகள்தாம்.

வாசக அன்பர்களே, அங்கே முதலில் 'புவோன்ஜோர்னோ' என்று வணக்கம் சொல்லுங்கள். பிறகு 'குவான்தோ கோஸ்தா?' என்று விலை கேளுங்கள். 'ஃபுன்சியோனா?' என்றால் 'ஓடுகிறதா?' என்று பொருள். பழைய கடிகாரத்துக்கு இந்த ஒரு கேள்வி போதாது. ஓடுகிற கடிகாரத்திலும் முள் வேறொன்றிலிருந்து வந்திருக்கலாம். கூடு ஒன்று, உள்ளிருக்கும் இயந்திரம் வேறொன்று என்றும் இருக்கலாம்.

ஆகவே, 'பொஸ்ஸோ வெதேரே இல் மொவிமெந்தோ?' என்றேன். இயந்திரத்தைப் பார்க்கலாமா என்று அர்த்தம். கடைக்கார அம்மாள் சிறு கத்தியால் பின்மூடியைத் திறந்து காட்டினார். 'இல் குவாத்ராந்தே எ ஒரிஜினாலே?' முகப்பு ஆதியில் இருந்ததுதானா என்றும் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, 'ரிஃபாத்தோ' என்றார். புதிதாக எழுதிய முகப்பாம். கேட்டிராவிட்டால் சொல்லியிருப்பாரோ என்னவோ!

விலை 180 யூரோ. 'மி ஃபா ஊனோ ஸ்கோந்தோ?' கொஞ்சம் குறைத்துத் தருவீர்களா என்றேன். 140க்கு முடிந்தது.

ஊர் திரும்பியதும் முகப்பின் கதையை மறைக்காமல் அண்ணனிடம் சொன்னேன். "நேரம் சரியா காட்டுதில்ல? அது போதும்மா," என்றார்.

மனம் ஒப்பாவிட்டால் 'சி பென்சோ, கிராட்சியே' என்று சொல்லி நகரலாம். 'யோசிக்கிறேன், நன்றி' என்பது பொருள். வியர்வை சிந்திச் சேர்த்த காசு கைவிட்டுப் போகுமுன் நாலு வார்த்தை கேட்பதில் வெட்கம் எதற்கு?