ஆடுகளத்திற் புகை

எம்மூர் பண்பொழி. பைம்பொழில் என்னும் பெயரே நாளடைவில் இவ்வாறு மருவிற்று என்று முதியோர் கூறுவர். செங்கோட்டைக்கு வடக்கே, மேற்குமலையின் அடிவாரத்தில், நெல்வயலும் தென்னந்தோப்புஞ் சூழ அமைந்தது அவ்வூர். குற்றாலத்தில் தூவுஞ் சாரலில் ஒரு பங்கு எமக்கும் உண்டு. ஆனி முதல் ஆவணி வரை ஆரியங்காவுக் கணவாயின் வழியே புகுந்து வீசுங் காற்று, கொடியில் உலர்த்திய துணியையும் எம் பந்தையும் ஒருங்கே கிழக்கு நோக்கிக் கொண்டுபோம். இத்தகைய ஊரிற் பிறந்தார் காற்றின் மாசினைக் குறித்து எழுதப் புகுதல், ஆற்றிடை நிற்போன் தாகம் என்று அரற்றுவது போலும் என விடுதி அன்பர் ஒருவர் நகைத்தார். சென்ற மாசித் திங்கள்வரை யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம்.

எம்மூர் இளைஞர்க்குத் தனித்திடல் கிடையாது. பிசான நெல் அறுத்தபின் வயலே திடல். மறுபடி உழும்வரை அது எமதே. கையால் அறுத்த காலத்தில் தாளை அடியொட்டி அறுத்தனர் என்பர். இப்பொழுது அறுவடைப் பொறி வந்து மேலாக அறுத்துச் செல்லுகின்றது. மாட்டுக்கு வைக்கோல் கட்டிக்கொண்டு போனது போக, நிற்குந் தாளுக்குச் சிலர் தீயிட்டுவிடுகின்றனர். அன்றும் அடுத்த வயலில் முதல்நாள் மாலை இட்ட தீ இரவெல்லாங் கனன்று, விடியும்போது புகையாய்க் கிடந்தது. அவ்வயலுக்குரியவரை யாம் குறைகூற வரவில்லை. அவர் அடுத்த உழவுக்கு விரைந்தார்; யாம் ஆட்டத்திற்கு விரைந்தோம்.

அயலூர்க் குழுவினர் சனிக்கிழமை விடியற்காலையிலேயே வந்திறங்கிவிட்டனர். பரிசு ஒரு கோப்பையும் 1,001 ரூபாயும். எம் திடலிலிருந்து மேற்கே நோக்கினால் திருமலைக் குமாரசாமி கோயில் மலையுச்சியிலே தோன்றும். தெளிந்த காலையிற் படிவரிசையுந் தெரியும். அன்று உச்சி மட்டும் மங்கலாய்த் தெரிந்தது, படிகள் தெரியவில்லை. “மார்கழிப் பனி மாசியிலும் விடல பாத்தியா” என்றார் ஒருவர். பனியன்று அஃது என்பதை எம் மூக்கு அறிந்திருந்தது. ஆயினும் வாளாவிருந்தோம்.

தலைமை எம்மிடம் இருந்தது. ஆட்டத்திறத்தினாலன்று, கல்லூரியிற் படிக்கின்றோம் என்னுங் காரணத்தினால். எம் குழுவில் விரைந்து பந்தெறிபவன் எம் இளமைத் தோழன். சிறுவயது முதலே இழுப்பு உடையவன். ஆயினும் அவனைப்போல் ஓடிவந்து பந்தெறிவார் எம் பக்கத்து ஊர்களில் இல்லை. எதிரணிக்கு மூன்று ஓவரில் இருபது ஓட்டங்கள் வேண்டியிருந்த நிலையில் அவன் எம்மருகே வந்து, “மாப்பிள்ளை, மூச்சு முட்டுது. வேற ஆள்ட்ட பந்தைக் குடு” என்றான். யாம் சொன்ன விடை, “ஒரு ஓவர்தாம்ல, போட்டுரு” என்பது. சொற்களை அவ்வாறே எழுதுகின்றோம்; இலக்கிய நடையில் மாற்றி எழுதினால் அவற்றின் குற்றங் குறைந்து தோன்றும்.

மூன்றாம் பந்துக்கு ஓடிவந்தவன் பாதிவழியில் நின்றான். முழங்காலிற் கையூன்றிக் குனிந்தான், பின்னர் உட்கார்ந்தான். எதிரணியினர் ஒருவர், “நேரங் கடத்துதான், நடிக்கான்” என்று கூவினார். எம்மவரிலும் இருவர் சிரித்தனர். யாம் அருகே ஓடிப்போய்ப் பார்த்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. பேச முயன்றான், சொல் வரவில்லை. இன்ஹேலர் வரப்பின்மேற் கிடந்த பையில் இருந்தது. அப்பைக்கும் ஆடுகளத்திற்கும் இடையே நூறு தப்படி இருக்கும். அன்று அந்நூறு தப்படியை ஓடிக் கடந்த நேரம் எமக்கு இன்னுங் கனவில் வருகின்றது.

ஆட்டோ ஒன்றில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியே செலுத்தினர். ஒருமணி நேரஞ் சென்றபின் மூச்சுச் சீரானது. மருத்துவர் எம்மை நோக்கி, “புகையில் எவ்வளவு நேரம் ஓடினான்?” என்று மட்டுங் கேட்டார். அவன் அன்னையார் வந்து சேர்ந்தார். யாம் அவர்களை அத்தை என்றே அழைப்பது வழக்கம். எம் கையைப் பற்றிக்கொண்டு, “நீ பக்கத்துல இருந்தியே ஐயா, அது போதும்” என்றார். அச்சொல்லைக் கேட்பதினும் அவர் எம்மை வைதிருப்பாராயின் ஆறுதலாயிருந்திருக்கும். பந்தை வேறொருவரிடங் கொடுக்குமாறு அவன் கேட்டதை அவர்களிடம் யாம் அன்று சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்தே சொன்னோம்.

நிற்க. மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது எமக்கு டில்லி நினைவுக்கு வந்தது. 2017ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் 2ஆம் நாள், அந்நாளிற் பெரோஸ் ஷா கோட்லா என வழங்கிய அரங்கில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மூன்றாவது டெஸ்டு ஆட்டந் தொடங்கிற்று. இரண்டாம் நாள் உணவுக்குப் பின் இலங்கை வீரர் பலர் முகமூடி அணிந்து களத்திற்கு வந்தனர். பந்தெறிபவர் லகிரு கமகே நெஞ்சடைப்பதாகச் சொன்னார், ஆட்டம் நின்றது. நடுவரும் மருத்துவரும் கூடிப் பேசினர். மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. சுரங்க லக்மாலுங் களத்தை விட்டு வெளியேறினார். களத்தில் நிற்கப் பதினொருவர் இல்லாமற் போயினர். விராட் கோலி, 7 விக்கெட்டுக்கு 536 என்னும் நிலையில், ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தார். நான்காம் நாள் லக்மால் களத்திலேயே வாந்தியெடுத்தார். அவர் மட்டுமல்லர், இந்தியாவின் முகமது ஷமியும் அன்று வாந்தியெடுத்தார்.

அவ்வாட்டத்தை யாம் தொலைக்காட்சியிற் கண்டோம். பத்துப் பதினொரு வயதிருக்கும். அரங்கிலிருந்தோர் இலங்கையரை நோக்கிக் கூச்சலிட்டனர். வீட்டுத் திண்ணையிலிருந்த யாமுங் கூச்சலிட்டோம். கோலியின் ஓட்டக் குவிப்பைத் தடுக்கவே நாடகமாடுகின்றனர் என்பது எங்கள் ஒருமித்த தீர்ப்பு. மறுநாள் பள்ளியில் கைக்குட்டையை மூக்கிற் கட்டிக்கொண்டு இருமி நடித்த சிறுவர் கூட்டத்தில் யாமும் ஒருவர். “நடிக்கான்” என்ற அயலூரார்மேற் சினங்கொள்ள எமக்கு என்ன உரிமை?

மறுதலை வழக்கும் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அதே காற்றில் நின்றே கோலி 243 ஓட்டங்கள் எடுத்தார். அரங்கிலிருந்த இருபதினாயிரம் பேர்க்கும் நேராத இடர் இலங்கையர்க்கு மட்டும் நேர்வானேன் என்னும் பொருள்பட இந்திய வாரியப் பொறுப்பாளர் ஒருவரும் பேசினார். கேட்பதற்கு இஃது ஒக்கும். ஆனால் அமர்ந்திருப்போரும் ஓடுவோரும் ஒரே காற்றைச் சுவாசித்தாலும் ஒரே அளவு சுவாசிப்பதில்லை. இளைப்பாறி இருப்பவர் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உட்கொள்ளுகின்றார். கடுமையாய் ஓடுபவர்க்கோ அது 100 லிட்டரையும் எட்டும். அவரும் மூக்கினால் இழுப்பதில்லை, வாயினால் இழுக்கின்றார். ஆதலால் மூக்கு வடிகட்டுந் தூசியும் உள்ளே போகின்றது. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகளை மூக்கும் முழுதாகத் தடுக்கமாட்டாது. தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்கும் இல்லாத அது நுரையீரலின் அடிவரை செல்லுகின்றது. வேகப்பந்து எறிபவனே களத்தில் மிகுதியாய் மூச்சு வாங்குபவன். டில்லியில் முதலில் இடர்ப்பட்டோர் கமகேயும் லக்மாலும் ஷமியும் ஆனது தற்செயல் அன்று. எம் வயலில் வீழ்ந்தவனும் பந்தெறிபவனே.

டில்லிக்கும் எம் வயலுக்கும் வேறோர் ஒப்புமையும் உண்டு. காற்று அசையாத குளிர்ந்த இரவில் நிலம் விரைவாகக் குளிர்கின்றது. அதனை ஒட்டிய காற்றுங் குளிர்ந்து கனத்துக் கீழே தங்குகின்றது. மேலே சற்று வெம்மையான காற்று மூடிபோல் அமைகின்றது. அடியில் எழும் புகை அம்மூடியைக் கடவாது படுத்துக் கிடக்கின்றது. டில்லியிலோ ஊர்தியின் புகையும் ஆலைப்புகையும் கட்டடத் தூசியும், ஐப்பசி கார்த்திகையில் பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்குந் தாளின் புகையும் அம்மூடியின்கீழ்ச் சேர்கின்றன. எமக்கு வாய்த்தது ஒரு வயலின் புகையே. வெயில் ஏறினால் மூடி திறந்துவிடும். ஒன்பது மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கியிருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. ஆறரைக்குத் தொடங்கினோம்.

துகளுக்கு அளவு வகுக்காமலும் இல்லை. ஒருநாட் சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று இந்திய அரசு 2009இல் எல்லை விதித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் 15 என்றது. ஆடுகளத்திற்கோ? வெளிச்சங் குறைந்தால் அளந்து பார்க்க நடுவர் கையில் ஒரு கருவி உண்டு. மழைக்குத் தார்ப்பாய் உண்டு. 2014இல் பிலிப் ஹியூஸ் பந்துபட்டு இறந்தபின் தலைக்கவசத்தைத் திருத்தினர். 2019 முதல் தலையிலடிபட்டவர்க்கு மாற்றாளை ஆடவும் விட்டனர். காற்றுக்கு மட்டும் விதிநூலில் எண் இல்லை. நிலைமை அபாயமானதா, ஆடத் தகாததா என்று நடுவரே கண்ணாற் கண்டு முடிவுசெய்யவேண்டும். 2023 நவம்பர் 6ஆம் நாள் அதே டில்லி அரங்கில் இலங்கையும் வங்காளதேசமும் உலகக்கோப்பையில் மோதின. மாசு கருதி இரு குழுவினரும் முன்னர் ஒரு நாட் பயிற்சியைக் கைவிட்டிருந்தனர். அன்று ஏஞ்செலோ மேத்யூஸ் தலைக்கவச வார் அறுந்துபோக, இரண்டு நிமிடத்திற்குள் ஆடத் தயாராகவில்லை என்று ஆட்டமிழந்தார். பன்னாட்டு ஆட்டத்தில் அங்ஙனம் வெளியேறிய முதல்வர் அவரே. நிமிடத்தை எண்ணிய விதிநூல் மூச்சை எண்ணவில்லையே என்று எமக்கு வியப்பு.

நிறுத்த இயலாது என்பதும் இல்லை. 2016 நவம்பரில் டில்லியில் நடக்கவிருந்த இரண்டு ரஞ்சி ஆட்டங்களை, வங்கம் குஜராத்தோடும் ஐதராபாத் திரிபுராவோடும் ஆடவேண்டியவற்றை, புகைமூட்டத்தாற் கைவிட்டனர். 2019 டிசம்பர் 21ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் கான்பராவில், காட்டுத்தீயின் புகை சூழ்ந்ததால் நடந்துகொண்டிருந்த பிக் பாஷ் ஆட்டத்தை இடையே நிறுத்தினர். ஆனால் அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் டில்லியிற் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவித்திருந்தும், 3ஆம் நாள் இந்திய வங்காளதேச ஆட்டம் நடந்தே தீர்ந்தது. கூட்டமும் தொலைக்காட்சியும் பெரிதாகப் பெரிதாக நிறுத்துங் கை கூசுகின்றது போலும். எமக்குக் கூட்டம் நாற்பது பேர், தொலைக்காட்சியும் இல்லை, 1,001 ரூபாய்க்கே கை கூசிற்று.

தமிழில் மூச்சுக்கு உயிர்ப்பு என்றொரு பெயருண்டு. எழுத்தின் பிறப்பைக் கற்றபோது நெஞ்சு, மிடறு, உச்சி, மூக்கு எனக் காற்று நிற்கும் இடங்களை உருப்போட்டுத் தேர்விலும் எழுதி மதிப்பெண் பெற்றோம். சொல் வராமல் வாய் மட்டும் அசைந்த தோழனைக் கண்ட பின்னரே அப்பாடம் எமக்கு விளங்கிற்று.

இப்பொழுது எம் குழுவுக்கு ஒரு விதி உண்டு. நாணயஞ் சுண்டுமுன் இரு தலைவரும் மேற்கே நோக்கவேண்டும். திருமலைப் படிகள் தெரியாவிடில் ஆட்டம் இல்லை. யாம் கிறிஸ்தவராயினும் எம்மூரில் எல்லார்க்கும் திசைகாட்டி அம்மலையே. ஆதலின் ஒருவரும் மறுக்கவில்லை. இது குறையுள்ள கருவி என்பதை அறிவோம். சாரல் நாளில் வெறும் மேகமே மலையை மறைத்துவிடும்; கண்ணுக்குத் தெரியாத மாசுக்கோ இவ்விதி பயன்படாது. மேகமா புகையா என்று தெளிய மூக்கைத் துணைக்கொள்ளுகின்றோம். இன்ஹேலர் பையிற் கிடப்பதில்லை. நடுவராய் நிற்பவர் சட்டைப்பையில் இருக்கும்.

பங்குனியில் மறுபடி ஓர் ஆட்டம் அமைந்தது. அன்றும் எங்கோ எரித்த புகை, படிகள் மறைந்திருந்தன. வந்த குழுவினர் நகைத்தனர். அவர்களினும் மிகுதியாக எம்மைச் சினந்தவன் எம் தோழனே. “மலை தெரியுதுல்லா, படி தெரியாட்டி என்னல” என்று வாதாடினான். எம்பொருட்டு நிறுத்தாதே, ஊரார் எம்மை நோயாளி என்பர் என்பது அவன் மனக்குறை. யாம் இசையவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பின்மேல் எம்மோடு பேசாமல் அமர்ந்திருந்தான். எட்டரை மணியளவில் வெயில் உறைத்தது. அடிவாரத்துப் படி முதலில் மறைந்தே இருந்தது. மேற்படிகள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. அவன் எண்ணிக்கொண்டே இருந்து, திடீரென எழுந்து, பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டு நடந்தான்.