ஏஜென்ட்டுக்காக எழுதுகிறவர்கள்

“டாஸ்க்கை அப்டேட் செய்யும்.” ஏஐ ஏஜென்ட் பயன்படுத்த வேண்டிய ஒரு டூலுக்கு எழுதியிருந்த விளக்கம் அவ்வளவுதான். சென்னை பெருங்குடியில் திட்ட மேலாண்மைச் செயலிகளோடு ஏஜென்ட்டுகளை இணைத்துத் தரும் ஒரு சிறிய குழு அது. அங்கே விளக்கம் எழுதும் பொறுப்பில் இருக்கும் பெண், முன்பு பல ஆண்டுகள் டெக்னிக்கல் ரைட்டராக இருந்தவர். பயனர் கையேடு படிக்கிறவருக்குப் புரியாவிட்டால் சப்போர்ட்டுக்கு போன் போடுவார். ஏஜென்ட் பெரும்பாலும் போடாது, தானாக ஊகித்து வேலையை முடித்துவிடும் என்றார் என்னிடம்.

2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்தான் இவர்கள் பின்பற்றும் முறை. இதில் ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற வரையறை உண்டு. உள்ளே ஓடும் நிரல் மாடலின் பார்வைக்கு வராது. எந்த டூலை எப்போது எடுப்பது என்பதை இந்தச் சில வரிகளைப் படித்துத்தான் அது முடிவுசெய்கிறது.

ஜிரா என்ற திட்ட மேலாண்மைச் செயலியை எடுத்துக்கொள்வோம். ஒரு டிக்கெட்டின் தலைப்பை மாற்றுவதுபோல அதன் ஸ்டேட்டஸை மாற்ற முடியாது. இப்போதிருக்கும் நிலையிலிருந்து எங்கெல்லாம் நகரலாம் என்ற டிரான்ஸிஷன் பட்டியலை முதலில் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணை அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியல் ஒவ்வொரு குழுவின் ஒர்க்ஃப்ளோவுக்கும் ஏற்ப மாறும். இது தெரியாத ஏஜென்ட், ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் ‘முடிந்தது’ என்று எழுதி அனுப்பும், பிழை வரும், மறுபடியும் அதையே அனுப்பும். அந்தப் பெண் எழுதிய புதிய விளக்கம் இப்படிப் போனது: “தலைப்பு, விவரம், பொறுப்பாளர் ஆகியவற்றை மாற்ற மட்டும் இந்த டூல். ஸ்டேட்டஸை மாற்ற இது உதவாது. அதற்கு டிரான்ஸிஷன் டூலைப் பயன்படுத்தவும். பொறுப்பாளரின் பெயரை அனுப்பக் கூடாது, அக்கவுண்ட் ஐடி வேண்டும். தேடும்போது ஒரே பெயரில் இருவர் கிடைத்தால், பயனரிடம் கேட்கவும்.” டூல் எதைச் செய்யும் என்பதை யாரும் எழுதிவிடுவார்கள். எதைச் செய்யாது என்று எழுதியதில்தான் அவருடைய அனுபவம் தெரிகிறது.

தேதி இன்னொரு தொல்லை. அசானா என்ற இன்னொரு செயலியில் கெடுவைக் குறிக்க இரண்டு இடங்கள் உண்டு: டியூ_ஆன் என்பதில் தேதி மட்டும், டியூ_அட் என்பதில் நேரமும் சேரும், அது யுடிசி என்ற உலகப் பொது நேரம். பக்கத்து மேசையில் டெஸ்ட் செய்துகொண்டிருந்த இளைஞர் திரும்பினார். “அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு சொன்னா, சனிக்கிழமை காலைல அஞ்சரைக்குப் போட்டு வெச்சிருக்கு பாருங்க.” ஏஜென்ட் வெள்ளி இரவு 11.59 என்று யுடிசியில் எழுதியிருந்தது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுவதால், திரையில் சனிக்கிழமை 5.29 ஆகிவிட்டது. “பயனர் நேரம் சொல்லாவிட்டால் தேதியை மட்டும் நிரப்பவும்” என்ற ஒரு வரி சேர்ந்ததும் அந்தப் பிழை நின்றது.

அதற்காக நீட்டி எழுதவும் முடியாது. பொதுவாக எல்லா டூல்களின் விளக்கமும் மாடலின் முன்னால் கிடந்து டோக்கனைத் தின்னும். ஜிராவுக்கும் அசானாவுக்கும் ‘தேடு’ என்றே ஒரு டூல் இருந்தால் குழப்பம் வரும். டூலின் பெயரோடு செயலியின் பெயரையும் சேர்ப்பது உதவும் என்று ஆந்த்ரோபிக்கின் பொறியாளர்கள் 2025இல் எழுதினார்கள். இணையத் தேடல் டூலுக்கு அனுப்பும் கேள்வியோடு தங்கள் மாடலான கிளாட் தேவையில்லாமல் 2025 என்று ஒட்டிக்கொண்டிருந்ததையும், விளக்கத்தைத் திருத்தி அதைச் சரிசெய்ததையும் அவர்களே அதில் சொல்லியிருக்கிறார்கள். டூல் விளக்கத்தை நிரலுக்குப் பின் ஒட்டும் குறிப்பாக நினைக்கும் மேலாளர்கள் அதைப் படிக்க வேண்டும்.

பெருங்குடிக் குழுவினர் எழுதுவதோடு விடுவதில்லை. பயனர்கள் உண்மையில் கேட்கும் கோரிக்கைகளைச் சோதனைக் கணக்கில் ஓட்டி, ஏஜென்ட் எந்த டூலை எடுத்தது, என்ன நிரப்பியது என்று லாக்கை வரிவரியாகப் படிக்கிறார்கள். அன்று ஓட்டியவற்றில் ஒன்று: “கார்த்திக்கோட வேலையெல்லாம் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளு.” எந்தக் கார்த்திக் என்று ஏஜென்ட் சரியாகக் கேட்டது. பதில் கிடைத்ததும், அவர் ஏற்கெனவே முடித்துவிட்ட டாஸ்க்குகளையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. விளக்கத்தில் முடிந்த டாஸ்க்குகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. விளக்கத்தில் ஒரு வரி சேர்ப்பதா, இல்லை, முடிந்தவற்றை நகர்த்தவிடாமல் டூலையே மாற்றுவதா என்று அந்தப் பெண்ணும் இளைஞரும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.