நான்கு பாதைகளும் ஒரு மின்பட்டையும்

தீவகத்திலே ‘பாதை’ என்னும் சொல்லுக்குப் பிறர் அதிகம் அறியாத பொருளொன்று உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீரில் மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எங்களவர் பாதை என்றே அழைப்பர். கடற்கோட்டையைப் பார்த்தபடி அதிலே கடந்து, பொன்னாலைத் தாம்போதியால் வட்டுக்கோட்டைக்கும் அப்பால் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கும் போய்விடலாம். மற்றைய வழி, வேலணை, அல்லைப்பிட்டி ஊடாகப் பண்ணைத் தாம்போதியாற் செல்வது. ஆகவே ஊர்காவற்றுறையார் பட்டினம் போக இரு வழிகள் உடையவர். நெடுந்தீவார் நிலை வேறு. குமுதினி, வடதாரகை, 2017 இல் சேவைக்கு வந்த நெடுந்தாரகை, தனியார் படகுகள் எனப் பெயர் சொல்லப் பல கலங்கள் அவர்களுக்கு வாய்த்தன. எனினும் அவை யாவும் வந்தடைவது குறிகட்டுவான் இறங்குதுறை ஒன்றையே. சோளகம் கிளம்பிக் கடல் கொந்தளித்தால் எல்லாக் கலங்களும் ஒருசேரக் கட்டிக்கிடக்கும்.

இவ்வேறுபாட்டின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது ஒரு கணினி அறையிலே. குடாநாட்டில், மருத்துவப் பரிசோதனை முடிவுகளைக் கணினியிற் பேணும் நிறுவனமொன்றிற் சில காலம் பணிபுரிந்தேன். அங்கே வழங்கிகள் இரண்டு. தரவு முழுவதும் அவற்றுக்குப் புறம்பாக வைக்கப்பட்ட ஒரு சேமிப்புப் பெட்டகத்தில் இருந்தது. பெட்டகத்துக்குக் கட்டுப்படுத்திகள் இரண்டு; இடையே ஒளியிழைச் சுவிச்சுகள் இரண்டு; ஒவ்வொரு வழங்கியிலிருந்தும் சுவிச்சுக்கு ஒன்றாக ஈரிழைகள். இவ்வாறு ஒவ்வொரு வழங்கிக்கும் பெட்டகத்தை அடைய நான்கு பாதைகள் கிடைத்தன. லினக்ஸில் உள்ள மல்டிபாத் என்னும் மென்பொருள் அந்நான்கையும் ஒரே வட்டாகக் காட்டி, ஒன்று அறுந்தால் எஞ்சியவற்றின் வழியே தரவை அனுப்பும். வழங்கி ஒன்று வீழ்ந்தால் மற்றது அதன் பொறுப்பை ஏற்கும். வரைபடத்திற் பார்க்கும்போது குறை சொல்ல இடமேயில்லை.

இருந்தும் ஒரு வைகாசி மாதத்திலே வழங்கிகள் இரண்டும் மாறி மாறி வீழத் தொடங்கின. முதன்முறை நினைவகத்தை மாற்றினர்; இரண்டாம் முறை ஒளியிழை அட்டையை மாற்றினர். மூன்றாம் முறை வீழ்ந்த நாளில், காலைப் படகில் நெடுந்தீவிலிருந்து வந்த மூதாட்டியொருவர் வாங்கிலே காத்திருந்தார். அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு பெட்டகத்தினுள்ளே பத்திரமாக இருந்தது, எடுப்பதற்குத்தான் வழியில்லை. அதைப் பாராமல் மருந்தின் அளவை மாற்ற வைத்தியர் உடன்படவில்லை. பிற்பகற் படகு போய்விட்டது. அவர் அன்றிரவு உறவினர் வீடொன்றிலே தங்கினார்.

அன்று மாலை பதிவேடுகளை வரிவரியாக வாசித்தேன். பாதைகள் நான்கும் ஒரே விநாடியில் அற்றிருந்தன. நான்கு இழைகள் தனித்தனியே ஒரே விநாடியிற் கெடுமென்பது நம்பத்தக்கதன்று. நான்காகத் தோன்றிய பழுது ஒன்றேயாதல் வேண்டும். அதன்பின் நிகழ்ந்தது இன்னும் விசித்திரமானது. எல்லாப் பாதைகளும் அற்றால் கோரிக்கைகளைத் தள்ளிவிடாது வரிசையில் நிறுத்துமாறு மல்டிபாத் அமைக்கப்பட்டிருந்தது. சிறு தடங்கலுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆயின் தடங்கல் நீண்டால் எழுதும் வேலை முடிவதுமில்லை, பிழையென்று திரும்புவதுமில்லை. வழங்கி உயிரோடிருந்தது; வலையமைப்பில் அழைத்தால் மறுமொழி சொன்னது; வேலை மட்டும் நடக்கவில்லை. சேவையை நிறுத்த முயன்ற மேற்பார்வை மென்பொருள், அதுவும் கைகூடாமையால், அவ்வழங்கியின் மின்னைத் துண்டித்தது. பொறுப்பேற்ற மற்றைய வழங்கிக்கும் பெட்டகம் தெரியவில்லை. மீண்டெழுந்த முதலாவது இப்போது இதன் மின்னைத் துண்டித்தது. ஆங்கிலத்தில் இச்செயலுக்கு வேலியடைத்தல் என்றே பெயர். யாழ்ப்பாணத்தவருக்கு வேலிச் சண்டையை விளக்கவும் வேண்டுமோ!

மறுநாள் மின்வேலைகளைக் கவனிக்கும் முதியவரை அழைத்துச் சென்றேன். கணினி பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “தம்பி, இந்த ரண்டு பெட்டியும் எங்கையிருந்து கறன்ற் எடுக்குது?” என்று மட்டும் கேட்டு, வடத்தைக் கையாற் பற்றியபடியே குனிந்து சென்றார். சுவிச்சுகள் இரண்டும் ஒரே மின்பட்டையிற் செருகப்பட்டிருந்தன. பட்டையின் பொருத்துத் தளர்ந்து, சூடேறிக் கருகியிருந்தது. அங்கே தொடர்பு ஒரு கணம் அற்றாலும் சுவிச்சுகள் இரண்டும் அணைந்து, மீண்டெழுந்து தொழிற்பட நான்கைந்து நிமிடம் பிடிக்கும். வழங்கிகள் ஒன்றையொன்று வீழ்த்த அது போதுமானது. பழுதுபார்க்க ஆள் வந்து சேரும் வேளையில் விளக்குகள் யாவும் பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும்.

ஊர்காவற்றுறையாரை இருவழியுடையார் என்றேன். 1990 இல் போரினால் தீவகமும் குடாநாடும் துண்டிக்கப்பட்டபோது அவ்விரு வழிகளும் அவர்களுக்கு உதவவில்லை. பொதுக்காரணம் என்பது வரைபடத்துக்கு வெளியே நிற்பது. கோடுகளை எண்ணுவதால் அது அகப்படாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரியவொளி, காற்று, மின்கலம், டீசல் மின்பிறப்பாக்கி என நான்கையும் இணைத்து மின் வழங்க, இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அத்திட்டத்தைப் பற்றிப் படித்தபோது, நான்கும் வந்து கூடும் பலகை எது, அதைக் கையாளத் தீவிலேயே ஆள் இருப்பாரா என்பனவே என் மனத்தில் எழுந்த கேள்விகள்.

பட்டையை அகற்றி, சுவிச்சுகளுக்கு வெவ்வேறு மின்வழிகளை அமைத்தோம். பாதை யாவும் அற்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கும் எல்லை வகுத்தோம். பின்னர் ஒரு போயா விடுமுறையன்று, நிருவாகத்தின் எழுத்துமூல அனுமதியோடு, இழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். இரண்டாம் வழங்கிக்குரிய பாதைகளில் ஒன்று பல மாதங்களாகச் செத்துக் கிடந்தமை அப்போதுதான் தெரியவந்தது. பதிவேட்டில் அது எழுதப்பட்டேயிருந்தது. ஏனைய மூன்றும் ஓடிக்கொண்டிருந்தமையால் அதை எவரும் வாசிக்கவில்லை.

நான் அங்கிருந்து விலகும்வரை மாதத்துக்கொரு போயா நாளில் இச்சோதனை நடந்தது. தொடர்ந்து வரும் காலையிற் படகால் வருவோரின் முடிவுகளை முன்னதாகவே அச்சிட்டு, ஒரு கோப்பிலிட்டு, வாயிற்காவலரிடம் கொடுத்து வைப்போம்.