ஸ்பீட் பேக் வாங்கின கதை

பொக்ஸிங் பழகும் பிள்ளைகளுக்கென்று ஊரவர்கள் தந்த காசில் முதலில் நாங்கள் பிழைவிட்டோம். சின்னதுதான் வேகம் என்று 4க்கு 7 அங்குல ஸ்பீட் பேக் எடுத்தோம். அது கைதேர்ந்தவர்களுக்கானது. தரம் 8 பிள்ளைகளின் கைக்கு அகப்படவே இல்லை. இரண்டு பேர் "ஏலாது சேர்" என்று வருவதையே விட்டார்கள்.

இப்போது 10க்கு 13 வாங்கியிருக்கிறோம். மெதுவாக ஆடும். பலகையில் மூன்று தரம் பட்ட பிறகு அடுத்த குத்து. தாளம் காதிலேயே பிடிபடும். ரெக்ஸின் மலிவுதான், ஆனால் தோல் கூடநாள் உழைக்கும் என்று தோலே எடுத்தோம். பையின் அகன்ற இடம் வாய் மட்டத்தில் நிற்க வேண்டும். கட்டையான பிள்ளைகள் ஏறி நிற்க வாங்கு போட்டோம்.

விட்டுப்போனவர்களில் ஒருவர் நேற்று அஸருக்குப் பிறகு வந்தார், அல்ஹம்துலில்லாஹ். மற்றவரின் வாப்பா இதை வாசித்தால் மகனை அனுப்பிவையுங்கள். சின்னப் பையைக் கழற்றி வைத்துவிட்டோம்.